பிரெயில் புள்ளிகளை அலங்காரமாக ஆளலாமா? ஓர் அட்டை வடிவமைப்பை முன்வைத்து

வரைகோல்

அனைவருக்கும் வணக்கம். நூல் அட்டை வடிவமைப்பது என் தொழில். இப்போது 'ஈரவிரல்' என்னும் கவிதைத் தொகுப்புக்கு அட்டை வரைந்துகொண்டிருக்கிறேன். அதை எழுதியவர் பிறவியிலேயே பார்வையற்றவர். பிரெயிலில் படித்து வளர்ந்தவர். ஆகவே தலைப்பைப் பிரெயில் புள்ளிகளாக்கி, அட்டையின் நான்கு ஓரங்களிலும் கரை போல ஓடவிட்டேன். மேற்கரையில் உள்ள வரிசையைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி வலப்பாதியிலும், தலைகீழாகத் திருப்பிக் கீழ்க்கரையிலும் அமைத்ததால் சமச்சீர் அழகாக வந்திருந்தது. புள்ளிகளுக்கிடையே ஓரிடத்திலும் இடைவெளி மாறாதபடி கட்டக்கோடு போட்டுச் சீராக்கினேன். கறுப்பு அட்டையின் மேல் ஸ்பாட் யூவி பூச்சு, அதாவது வேண்டிய இடத்தில் மட்டும் இடும் பளபளப்புப் பூச்சு. சாய்த்துப் பிடித்தால் மட்டும் புள்ளிகள் மின்னும்.

பதிப்பகத்தாருக்குப் பிடித்துவிட்டது. மாதிரித் தாளைக் கவிஞரின் கையில் கொடுத்தேன். அவர் உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்டு, "வழவழப்பாக இருக்கிறதே, நல்ல தாள்" என்றார். அதில் எழுத்து இருக்கிறது என்பதையே அவர் உணரவில்லை. நான் சொன்ன பிறகு விரல் நுனியால் தேடினார். ஏதோ மேடு பள்ளம் தட்டுப்படுவதாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். அந்தச் சிரிப்புக்குப் பிறகு எனக்கு அந்த அட்டையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

என் கேள்வி இதுதான். பிரெயிலை அலங்காரமாகப் பயன்படுத்துவதே தவறா, அல்லது நான் பயன்படுத்திய விதம் தவறா?

விரல்நுனி

வரைகோல் அவர்களுக்கு வணக்கம். நான் ஆறு வயதிலிருந்து பிரெயில் படிக்கிறேன். பல ஆண்டுகளாகப் பிரெயில் நூல்களுக்கு மெய்ப்புத் திருத்திவருகிறேன். நீங்கள் இணைத்திருந்த படத்தை என்னால் பார்க்க இயலாது என்றாலும், நீங்கள் எழுதியிருக்கும் விவரத்திலிருந்தே நான்கு பிழைகளைச் சொல்லிவிட முடியும். கடுமையாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தச் சீரான இடைவெளி. பிரெயிலில் ஓர் எழுத்து என்பது இரண்டு நிரல்களில் மும்மூன்றாக நிற்கும் ஆறு புள்ளிகளுக்குரிய கட்டம். இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. கட்டத்துக்குள் புள்ளிக்கும் புள்ளிக்கும் ஏறத்தாழ 2.5 மி.மீ. தொலைவு. ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டம் ஏறத்தாழ 6 மி.மீ. தள்ளித் தொடங்கும். அதாவது எழுத்துக்கு உள்ளே இருக்கும் இடைவெளியைவிட எழுத்துக்கு வெளியே இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு அதிகம். அந்த ஒரு மில்லிமீட்டரை வைத்துத்தான் இந்த எழுத்து முடிந்தது, அடுத்தது தொடங்கியது என்று விரல் அறிகிறது. அதை நீங்கள் சமன்செய்துவிட்டால், எல்லாச் சொற்களையும் ஒட்டி எழுதி, எழுத்துகளையும் பாதிப் பாதியாக வெட்டி ஒட்டியதற்கு அது சமம். கண்ணுக்குச் சீராகத் தெரிவது விரலுக்குக் குழப்பம்.

இரண்டாவது, உயரம். ஸ்பாட் யூவி பூச்சு மின்னுவதற்கானது. வழக்கமான ஒரு பூச்சில் விரலுக்குப் போதிய மேடு எழும்பாது. மருந்துப் பெட்டிகளின் அட்டையில் ஏறத்தாழ 0.2 மி.மீ. உயரம் வைக்கிறார்கள், பிரெயில் தாளில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் இருக்கும்.

மூன்றாவதுதான் எனக்கு உண்மையில் சுவையாக இருந்தது: கண்ணாடிப் பிம்பம். தமிழ்ப் பிரெயிலில் இ என்பது 2, 4 புள்ளிகள். அதைக் கண்ணாடியில் திருப்பினால் 1, 5 ஆகிவிடும், அது ஏ. ஈ என்பது 3, 5. திருப்பினால் 2, 6, அது எ. இ-யைத் தலைகீழாகச் சுழற்றினால் ஈ; ஏ-யைச் சுழற்றினால் எ. இந்த நான்கு உயிரெழுத்துகளும் ஒரே இரட்டைப் புள்ளியின் நான்கு திருப்பங்கள். உங்கள் தலைப்பில் இவற்றில் இரண்டு இருக்கின்றன. அதோடு ல (1, 2, 3) திரும்பினால் ள (4, 5, 6). வ (1, 2, 3, 6) திரும்பினால் ண (3, 4, 5, 6). ஆக, உங்கள் வலப்பாதியை நான் படித்தால் 'ள' என்று தொடங்கி, தமிழில் இல்லாத ஓர் எழுத்தை இரண்டு முறை தாண்டி, 'எ' என்று முடியும். எந்த மொழியிலும் அதற்குப் பொருள் இருக்காது என்றே நினைக்கிறேன்.

நான்காவது ஓர் ஊகம். தலைப்பின் கடைசி எழுத்தான 'ல்'-ஐ எப்படி எழுதினீர்கள்? அச்சுத் தமிழில் புள்ளி எழுத்தின் தலைமேல் வருகிறது. தட்டச்சில் எழுத்துக்குப் பின் வருகிறது. பிரெயிலில் அந்த மெய்ப்புள்ளிக்குரிய கட்டம் மெய்யெழுத்துக்கு முன் வரும். அட்டவணையைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து மாற்றுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள்.

வரைகோல்

ஊகம் சரி. ல-வுக்குப் பின்னால்தான் புள்ளியை வைத்திருக்கிறேன். இணையத்தில் கிடைத்த அட்டவணையைப் பார்த்துச் செய்தேன். வெட்கமாக இருக்கிறது.

நிழற்கோடு

ஒரு மாற்றுக் கருத்து. நான் சுவரோவியம் வரைபவன். இந்த இழையில் எல்லாரும் பிரெயிலைப் படிக்கப்படும் எழுத்தாக மட்டுமே பார்க்கிறீர்கள். ஆனால் எந்த எழுத்துமுறையும் படிப்பதற்கு மட்டுமே இருந்ததில்லை. அரபு எழுத்தணியில் எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னி, தேர்ந்தவர்களுக்கே சிரமம் தரும் அளவுக்குச் சிக்கலாகி அழகாகின்றன. படிக்கத் தெரியாதவரும் அவற்றின் முன் நின்று ரசிக்கிறார். அப்படியிருக்க, பிரெயில் புள்ளிகளின் காட்சி அழகை மட்டும் ஏன் விலக்கப்பட்ட பொருளாக்க வேண்டும்? ஒரு சுவர் முழுக்கப் பெரிய புள்ளிகளாக நான் ஒரு வரியை வரைந்தால், பார்வையுள்ளவர்கள் நின்று, "இது என்ன?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி எழுவதே ஒரு பயன் அல்லவா?

விரல்நுனி

நிழற்கோடு அவர்களே, நீங்கள் காட்டிய ஒப்புமையிலேயே விடையும் இருக்கிறது. எழுத்தணி வரைபவர் அந்த எழுத்தை அறிந்தவர். எந்த வளைவை எவ்வளவு நீட்டினால் எழுத்து கெடாது என்பதைப் பல ஆண்டுகள் பயின்றவர். சிக்கலாக இருந்தாலும் அது தவறாக இருப்பதில்லை. பிரெயிலை அலங்காரமாக எடுப்பவர்களில் எத்தனை பேர் குறைந்தபட்சம் தாங்கள் எழுதியதை ஒருவரிடம் படிக்கக் கொடுத்துச் சரிபார்க்கிறார்கள்? பெரிய சுவரில் எழுதுவதை நான் தடுக்கவில்லை. ஆனால் அதை "பார்வையற்றோருக்கான ஓவியம்" என்று அறிவிப்புப் பலகையில் எழுதாதீர்கள். அது பார்வையுள்ளவர்களுக்கான ஓவியம். ஒரு கட்டம் விரல் நுனிக்குள் அடங்கும்போதுதான் அது எழுத்து. கட்டம் உள்ளங்கையைவிடப் பெரிதானால், நான் ஒவ்வொரு புள்ளியாகத் தேடி, எண்ணி, மனத்தில் அடுக்கி ஊகிக்க வேண்டும். நீங்கள் ஓர் எழுத்தின் அடியில் நின்றுகொண்டு அதன் காலை மட்டும் பார்த்து, அது எந்த எழுத்து என்று சொல்ல முயல்வதைப் போன்றது அது.

பழந்தாள்

இந்த வாக்குவாதம் பிரெயிலைவிடப் பழையது என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். பாரிஸில் 1785-இல் பார்வையற்ற சிறுவர்களுக்குப் பள்ளி நடத்திய வாலந்தேன் ஆயூயி, வழக்கமான ரோமன் எழுத்துகளையே புடைப்பாக அச்சிட்ட நூல்களைத் தந்தார். கண்ணுக்கு அவை அழகான நூல்கள். பார்வையுள்ள ஆசிரியர்களாலும் எளிதில் படிக்க முடிந்தது. விரலுக்கோ ஒவ்வோர் எழுத்தின் வளைவையும் சுற்றிவர வேண்டியிருந்ததால் படிப்பு ஊர்ந்து சென்றது. பிறகு சார்ல் பார்பியே பன்னிரண்டு புள்ளிகள் கொண்ட ஒரு முறையைக் கொண்டுவந்தார். அந்தக் கட்டம் ஒரே தொடுதலில் விரலுக்குள் அடங்கவில்லை. அதை ஆறாகக் குறைத்தவர் லூயி பிரெயில். 1824-இல், பதினைந்து வயதில், அவர் தம் முறைக்கு வடிவம் கொடுத்தார். 1829-இல் அது நூலாக வெளிவந்தது. பிரான்சில் அரசு ஏற்பு கிடைத்தது 1854-இல், அவர் இறந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு. பார்வையுள்ளவர்களின் கண்ணுக்கு அந்நியமாக இருந்ததும் அந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம். இன்று அதே அந்நியத் தோற்றம் நாகரிக அழகாகிவிட்டது என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

நாணயங்களில் இரண்டு எடுத்துக்காட்டுகள். அமெரிக்காவில் 2003-இல் வெளியான அலபாமா மாநிலக் கால் டாலரில் ஹெலன் கெல்லரின் பெயர் பிரெயிலிலும் இருக்கிறது. ஆனால் புள்ளிகள் மிகச் சிறியவை என்பதால் விரலுக்கு எட்டாது. 2009-இல் லூயி பிரெயில் பிறந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததையொட்டி வெளியிட்ட வெள்ளி டாலரில், ஆங்கிலப் பிரெயிலில் 'பிரெயில்' என்ற சொல்லின் சுருக்கமான பி, ஆர், எல் என்ற மூன்றே எழுத்துகளை, படிக்கக்கூடிய அளவில் பதித்தார்கள். இடம் போதாதபோது புள்ளிகளைச் சுருக்காமல் சொல்லைச் சுருக்கியதைத்தான் நான் வடிவமைப்பு என்பேன்.

செப்புத்தகடு

நான் பெயர்ப்பலகை செய்பவன். வரைகோலுக்குப் பயன்படும் சில செய்திகளைச் சொல்கிறேன்.

உலோகத்தில் அமிலம் கொண்டு அரித்து எடுக்கும் புள்ளியின் தலை தட்டையாகவும் விளிம்பு கூராகவும் நிற்கும். பார்ப்பதற்குத் துல்லியமாக இருக்கும். படிப்பவருக்கு விரல் எரியும். அமெரிக்க அணுகல் விதிகள் புள்ளியின் தலை குவிந்தோ உருண்டோ இருக்க வேண்டும் என்றும், உயரம் 0.6 முதல் 0.9 மி.மீ. வரை இருக்கலாம் என்றும், மற்றப் புடைப்பெழுத்துகளிலிருந்து குறைந்தது 9.5 மி.மீ. விலகியிருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. நாங்கள் தகட்டில் துளையிட்டுச் சிறு உருண்டைகளை அழுத்திப் பொருத்துகிறோம். பித்தளைத் தகட்டில் எஃகு உருண்டை என்றால் கண்ணுக்கும் நிற வேறுபாடு கிடைக்கும். பல நாள் தடவினாலும் தேயாது.

என் கைப்பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை ஒரு நிறுவனத்துக்காகப் பிரெயில் எழுத்துருவிலிருந்து நேரடியாகக் கோப்பை எடுத்து இயந்திரத்துக்கு அனுப்பினேன். சில எழுத்துருக்கள் கட்டத்தில் இல்லாத புள்ளிகளின் இடத்தையும் சிறு வெற்று வட்டமாகக் காட்டும். கண்ணால் பார்ப்பவருக்கு அது வசதி. இயந்திரத்துக்கு வட்டம் என்றால் வட்டம்தான். அவை அனைத்தையும் துளையிட்டுவிட்டது. பன்னிரண்டு கதவுகளுக்கான தகடுகளிலும் எல்லாக் கட்டங்களிலும் ஆறு புள்ளிகள். தகடுகள் மாட்டப்பட்டு எட்டு மாதம் யாரும் புகார் சொல்லவில்லை. ஒரு நாள் அங்கே வேலைக்குச் சேர்ந்த ஒருவர் கை வைத்துப் பார்த்துவிட்டு, "எல்லாக் கதவுக்கும் ஒரே பெயரா?" என்று கேட்டாராம். அந்தப் பன்னிரண்டையும் என் செலவில் மாற்றிக் கொடுத்தேன்.

வரைகோல்

மிக்க நன்றி. அட்டையைத் திருத்தத் தொடங்கியிருக்கிறேன். ஸ்பாட் யூவியைக் கைவிட்டு, டை என்னும் அழுத்து அச்சைக் கொண்டு புடைப்பு எடுக்க அச்சகத்தாருடன் பேசிவிட்டேன். சரியான அளவில் எழுதினால் 'ஈரவிரல்' ஏழே கட்டங்கள்தான்: ஈ, ர, வ, இ, ர, புள்ளி, ல. மொத்த நீளம் நான்கு சென்டிமீட்டர்கூட வரவில்லை. அவ்வளவு பெரிய அட்டையில் அது ஒரு மூலையில் ஒட்டிக்கொண்ட மணல் போலத் தெரிகிறது. இதைப் பெரிதாக்கவும் கூடாது, திருப்பவும் கூடாது, சமன்செய்யவும் கூடாது என்றால், அலங்காரத்துக்கு இடம் எங்கே?

ஜப்பானிய வடிவமைப்பாளர் கோசுகே தகாஹாஷி உருவாக்கிய 'பிரெயில் நோயே' என்ற எழுத்துருவையும் பார்த்தேன். ரோமன், ஜப்பானிய எழுத்துகளின் கோடுகள் அந்தந்தப் பிரெயில் புள்ளிகளின் வழியாகவே செல்கின்றன. கண்ணும் விரலும் ஒரே இடத்தில் ஒரே எழுத்தைப் படிக்கின்றன. தமிழில் இப்படிச் செய்ய முடியுமா?

விரல்நுனி

அந்த எழுத்துருவின் எண்ணம் எனக்குப் பிடிக்கும். அதன் எல்லை என்னவென்றால், எழுத்தைப் பெரிதாக்கினால் புள்ளிகளும் விலகும். ஆகவே விரல் படிக்கக்கூடிய அளவு ஏறத்தாழ ஒன்றே. தமிழில் இன்னொரு தடையும் இருக்கிறது. 'கொ' என்பதை அச்சில் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டுகளாக எழுதுகிறோம்; பிரெயிலில் க, அடுத்து ஒ, அவ்வளவுதான். ஒலிக்கும் வரிசையிலேயே எழுத்தும் வருகிறது. கண் படிக்கும் வரிசையும் விரல் படிக்கும் வரிசையும் வேறானதால், ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றினால் பொருந்தாது. ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுவதே நல்லது.

அலங்காரத்துக்கு இடம் எங்கே என்று கேட்டீர்கள். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் விரலுக்கு அலங்காரமே கிடையாது என்று இங்கே பலரும் எண்ணுவதாகத் தோன்றுகிறது.

பிரெயில் பாடநூல்களில் ஒரு பகுதியைக் கட்டம் கட்டிக் காட்ட வேண்டுமானால், வட அமெரிக்க மரபில் மேலே ஒரு வரி முழுக்க 2, 3, 5, 6 புள்ளிகளையும், கீழே ஒரு வரி முழுக்க 1, 2, 4, 5 புள்ளிகளையும் ஓடவிடுவார்கள். மேல்வரியின் புள்ளிகள் கட்டத்தின் கீழ்ப்பகுதியிலும், கீழ்வரியின் புள்ளிகள் மேற்பகுதியிலும் இருப்பதால் இரண்டும் நடுவிலுள்ள எழுத்தை நோக்கி நெருங்கி நிற்கும். விரல் அதன் மேல் ஓடும்போது ஒரு மெல்லிய அதிர்வு, பிறகு எழுத்து, மறுபடியும் அதிர்வு. நான் சிறுமியாக இருந்தபோது அந்த வரிகளைத் தடவுவதற்காகவே பக்கத்தைத் திருப்பியதுண்டு. வகுப்பில் பிரெயில் தட்டச்சுப்பொறியில் புள்ளிகளை அடுக்கிப் பூவும் வீடும் செய்து ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வோம். பார்வையுள்ள ஆசிரியருக்கு அது குப்பைத் தாளாகத் தெரிந்தது.

ஆகவே உங்கள் அட்டையில் கரை வேண்டுமானால் தாராளமாக வையுங்கள். ஆனால் எழுத்தைக் கரையாக்காதீர்கள், கரையைக் கரையாகவே செய்யுங்கள். தொடர்ந்து ஓடும் ஒரு புடைப்புக் கோடு போதும். அது என் விரலைத் தலைப்பிடம் அழைத்துச் செல்லட்டும். தலைப்பைச் சுற்றி ஓர் அங்குலமாவது வழவழவென்று விடுங்கள். கண்ணுக்கு வெற்றிடம் எப்படியோ, விரலுக்கு வழவழப்பு அப்படி. நீங்கள் 'மணல்' என்று குறைபட்டுக்கொண்ட அந்த நான்கு சென்டிமீட்டர், வெறுமையின் நடுவே தட்டுப்படும்போது எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாது. பிறகு தாளின் சொரசொரப்பு, மடிப்பின் இடம் ஆகியவற்றையும் பாருங்கள். மடிப்பின் மேல் வரும் புள்ளி பத்து நாளில் நசுங்கிவிடும்.

என்ன எழுதுகிறோம் என்பதும் வடிவமைப்பில் சேர்ந்ததுதான். பிரான்சில் ரோன் பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஷப்பூத்தியே என்னும் திராட்சை மது நிறுவனம் 1996 முதல் தன் குப்பிச் சீட்டுகளில் பிரெயிலைப் பதித்துவருகிறது. முதலில் அதைப் பெற்ற மதுவின் பெயர் மோனியே தெ லா சிசெரான். அந்தத் திராட்சைத் தோட்டத்தோடு தொடர்புடைய குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் பார்வையிழந்த மோரிஸ் தெ லா சிசெரான், பிரெஞ்சுப் பிரெயிலின் சுருக்கெழுத்து முறையை உருவாக்கியவர். அந்தச் சீட்டு அழகாக இருக்கிறது என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அது பொருத்தமாக இருக்கிறது. புள்ளிகள் அங்கே வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது.

நிழற்கோடு

என் நிலைப்பாட்டை முழுதாக மாற்றிக்கொள்ளவில்லை. கண்ணுக்கான பிரெயில் ஓவியம் என்று ஒன்று இருக்கலாம் என்றே இன்னும் கருதுகிறேன். ஆனால் கண்ணாடிப் பிம்பத்தைப் பற்றிப் படித்த பிறகு என் பழைய வரைபடங்களை எடுத்துப் பார்த்தேன். ஒரு சுவரில் 'இசை' என்று எழுதி, சமச்சீருக்காக எதிர்ப்பக்கம் திருப்பி வரைந்திருக்கிறேன். ஒரே ஆறுதல், அது விரல் எட்டாத உயரத்தில் இருக்கிறது.

செப்புத்தகடு

அது ஆறுதலா என்று யோசித்துப் பாருங்கள், நண்பரே.

வரைகோல்

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். புதிய அட்டையில் தலைப்பு ஒரே இடத்தில், சரியான அளவில், புடைப்பாக இருக்கிறது. அட்டையின் இட ஓரத்திலிருந்து ஒரே ஒரு புடைப்புக் கோடு கிடைமட்டமாக வந்து, தலைப்புக்கு ஓர் அங்குலத்துக்கு முன் நின்றுவிடுகிறது. வேறு எதுவும் இல்லை. அச்சுத் தலைப்பு அதற்கு மேலே. பின்னட்டையில் தொகுப்பிலிருந்து இரண்டு வரிகள் பிரெயிலில் மட்டும் இருக்கின்றன, அச்சில் இல்லை. அதைக் கவிஞரே கேட்டுக்கொண்டார். பார்வையுள்ள வாசகர் யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். பதிப்பகத்தார் தயங்கினார்கள், பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

விரல்நுனி அவர்களுக்கு ஒரு மாதிரிப் பிரதி அனுப்பியிருக்கிறேன்.

விரல்நுனி

பிரதி வந்தது. உறையிலிருந்து எடுப்பதற்கு முன்பே, உள்ளே கையை விட்டபோதே விரல் அந்தக் கோட்டில் ஏறிவிட்டது. தலைப்பைப் படித்த பிறகுதான் நூலை வெளியே எடுத்தேன். பின்னட்டை வரிகளை இங்கே எழுதப்போவதில்லை.

ஒரே ஒரு திருத்தம். 'ல்'-க்கு முன்னால் வரும் அந்த ஒற்றைப் புள்ளி மற்றவற்றைவிடத் தாழ்வாக எழும்பியிருக்கிறது. வேகமாகப் படித்தால் விரல் அதைத் தாண்டி 'ஈரவிரல' என்று போய்விடுகிறது. தனியாக நிற்கும் புள்ளிக்கு டையில் சற்று அழுத்தம் கூட்ட வேண்டும். அச்சுக்குப் போவதற்கு முன் அச்சகத்தாரிடம் சொல்லிவிடுங்கள்.